திருச்செந்தூர் போகிற வழியில்



திருச்செந்தூர் போகும்போது தூத்துக்குடியைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். பேருந்து நிலையத்தில் ஒரு டீ, பிள்ளைகளுக்கு ஒரு பொட்டலம் மக்ரூன், அத்தோடு சரி. "இங்க பார்க்க என்ன இருக்கு அண்ணாச்சி?" என்று யாராவது கேட்டால், உள்ளூர்க்காரரே தலையைச் சொறிந்துகொண்டு, "மணப்பாடு போங்க, நல்லா இருக்கும்" என்று அனுப்பிவிடுவார். அந்த அண்ணாச்சியோடு எனக்குக் கொஞ்சம் பிணக்கு உண்டு. வேலை பார்க்கிற ஊர் இது. அது வேலை பார்ப்பதைப் பார்க்கத்தான் இங்கே வர வேண்டும்.

விடிவதற்கு முன்பே எழுந்து உப்பளத்துப் பக்கம் போங்கள். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிகம் உப்பு விளைவது இங்கேதான். உவர்நீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் சுண்டவிட்டால், அடியில் உப்பு பூக்கிறது. அதை நீண்ட கழியில் பொருத்திய பலகையால் வாரி வரப்போரம் குவிக்கிறார்கள். அதிகாலையிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. காரணம் எளிது: பத்து மணிக்குமேல் அந்த வெள்ளைப் பரப்பில் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியாது. அரை மணி நேரம் நின்று படம் எடுத்துவிட்டு வருகிற நமக்கே கண் கூசுகிறது. காலமெல்லாம் அங்கேயே நிற்பவர்களின் கண்ணும் காலும் என்ன பாடுபடும்! எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் இந்த மக்களோடு பழகித்தான் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார். அதைப் படித்துவிட்டு வந்தால் உப்பளம் வேறு மாதிரி தெரியும். படம் எடுப்பதற்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து கடற்கரைச் சாலை. சென்னைக் கடலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கடல் ஏரியைப்போலத் தோன்றும். அலை பெரிதாக எழாது. எதிரே இலங்கை மறைத்துக்கொண்டிருக்கிறது. இடையில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் இருக்கின்றன. அந்தத் தீவுகளை 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். கடல் அமைதியாக இருந்ததால்தான் முத்துக்குளிப்பு நடந்தது. கடைசி முத்துக்குளிப்பு 1961இல். அதற்குப் பிறகு போதிய சிப்பி இல்லை. ஆனால் சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் கடலுக்குப் போகிறார்கள். இங்கே எடுத்த சங்குதான் வங்காளத்துக்குப் போய், அங்கே கல்யாணமான பெண்களின் கையில் வளையலாகிறது.

பழைய துறைமுகத்தில் மரத்தோணிகள் நிற்கும். கண்டெய்னர் கப்பல் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் கட்டுமானச் சாமான்களும் இந்தத் தோணியில்தான் போய்க்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் வெறும் பாயை நம்பி ஓடியவை, பிறகு எஞ்சின் பொருத்திக்கொண்டன. தோணியை நடத்துபவருக்குத் தண்டல் என்று பெயர். அந்த வாழ்க்கையை விரிவாக அறிய ஜோ டி குருஸ் எழுதிய 'கொற்கை' நாவல் இருக்கிறது. 2013இல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றது.

வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இந்தக் கரையில்தான். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் கொழும்புக்கு ஓடின. 1908இல் அவரைச் சிறையில் போட்டார்கள், கம்பெனி நொடித்தது. இப்போது பெரிய துறைமுகத்துக்கு அவர் பெயர்தான். எல்லாரும் வி.ஓ.சி. போர்ட் என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை: வ.உ.சி. பிறப்பதற்கு முன்பே இந்த ஊரை ஆண்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சுருக்கப் பெயரும் வி.ஓ.சி.தான்! அவர்கள் 1750இல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் கடற்கரைச் சாலையில் இன்னும் நிற்கிறது.

அதே சாலையில்தான் பனிமய மாதா கோயிலும். இப்போதுள்ள கட்டடம் 1713ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆகஸ்ட் 5 திருவிழா. சில ஆண்டுகளில் மட்டும் தங்கத்தேர் ஓடும், 2023இல் ஓடியது. பரதவர் சமூகத்தின் கோயில் என்றாலும் திருவிழாக் கூட்டத்தில் யார் எந்த மதம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சாயங்காலம் முயல் தீவுக்குப் போகலாம். கலங்கரை விளக்கமும், தூரத்தில் நங்கூரமிட்டு முறைக்குக் காத்திருக்கும் கப்பல்களும் தெரியும். துறைமுகத்துக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் விடமாட்டார்கள் என்பதால், கப்பல் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இதுவே போதும்.

இனி மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கருவை மட்டும் பிரித்து, சர்க்கரை சேர்த்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு அடிக்கிறார்கள். அதில் பொடித்த முந்திரியைக் கலந்து, தாள் விரித்த தட்டில் கையால் பிழிகிறார்கள். கையை மேலே இழுக்கும்போது முனை கூம்பிக்கொள்கிறது. பிறகு இளஞ்சூட்டில் வெகுநேரம் காய வேண்டும். சூடு கூடினால் நிறம் மாறிவிடும். வாயில் வைத்ததும் முதலில் நொறுங்கும், அப்புறம் கரையும், கடைசியில் பல்லிடுக்கில் முந்திரி மிஞ்சும். ஐரோப்பியரின் பாதாம் பண்டம் இங்கே வந்து முந்திரிக்கு மாறியது என்பார்கள். மாறியதால் நமக்கு நட்டமில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு 'நைட் கிளப்' போகலாம். பதற வேண்டாம், குடும்பத்தோடே போகலாம். இந்த ஊரில் பரோட்டாக் கடைக்கு அப்படித்தான் பெயர். பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, மேலே சால்னாவை ஊற்றி, இரண்டு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். அவசரப்பட்டால் ருசி கெடும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும்; மாசிக்கும் ஆவணிக்கும் இடையில் வருவதுதான் சரி. ஊருக்கு மக்ரூன் வாங்கிப்போகிறவர்கள் காற்றுப் புகாத டப்பா ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள். பொட்டலத்தைத் திறந்து வைத்தால் ஒரே நாளில் பிசுபிசுத்துவிடும்.