காற்றுக்குச் சபை எல்லை தெரியாது

(கப்பல்துறையில் நடைபெற்ற பொதுக்கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



புகையைப் பற்றியும் வாடகை வீட்டைப் பற்றியும் பேசுவதற்கு அரசியல் மேடை எதற்கு என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். அதிகாரம் வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாக முழங்கி வருகின்றோம். முழங்கியது நியாயமே. ஆயின், ஏற்கெனவே கையிலுள்ள சிறிய அதிகாரத்தை நாம் என் செய்தோம்? கிழக்கு மாகாணசபையின் பதவிக்காலம் 2017 இல் முடிவுற்றது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச் மாதம் தொடக்கம் உறுப்பினரின்றிக் கிடந்தன. 2025 மே 6 ஆம் திகதித் தேர்தலின் பின்னரே மக்கள் தெரிந்தோர் மீண்டும் ஆசனங்களில் அமர்ந்தனர். அவர்களிடம் நாம் கேட்க வேண்டியது யாது என்பதே என் பேச்சு.

இத்துறைமுகத்தைச் சுற்றி எத்தனை சபைகள்! திருகோணமலை மாநகரசபை, பட்டினமும் சூழலும் பிரதேச சபை, தம்பலகாமம் பிரதேச சபை, கிண்ணியாவில் நகரசபையொன்று, பிரதேச சபையொன்று, அக்கரையில் மூதூர் பிரதேச சபை. சீனன்குடாவில் மா ஆலை நிற்கிறது. சீமெந்து ஆலை நிற்கிறது. அவற்றுக்கப்பால் அரிசி ஆலைகள், கல்லுடைக்கும் இடங்கள், குப்பை எரிக்கும் மூலைகள். கச்சான் வீசும் மாதங்களில் ஒரு சபையின் தூசி மறு சபையின் வீட்டுக்குள் புகுகின்றது. வாடை தொடங்கியதும் திசை மாறுகின்றது. வரி கட்டும் இடம் ஒன்று, இருமும் இடம் மற்றொன்று. கமக்காரர் கோபிக்கக் கூடாது. அறுவடை முடிந்ததும் வயலில் வைக்கோலுக்குத் தீ மூட்டுகிறோமே, அந்தப் புகையும் இக்கணக்கில் சேர்ந்ததே.

2022 டிசம்பரில் இந்தியாவிலிருந்து வந்த மாசுக்காற்று நாட்டையே மூடியது. பாடசாலைகளுக்கு விடுமுறை கொடுத்தார்கள். பாக்குநீரிணையைக் கடந்து வந்த காற்று, தம்பலகாமத்து எல்லைக் கல்லைக் கண்டு நின்றுவிடுமா?

எல்லையை நம்பி அயலானை மறந்தால் விளைவது என்ன என்பதை மீதொட்டமுல்ல காட்டிற்று. கொழும்பு மாநகரசபையின் குப்பை, கொலன்னாவை நகரசபைப் பகுதியில் மலையாகக் குவிந்தது. குப்பை ஒருவருடையது, நாற்றம் இன்னொருவருடையது. அண்டி வாழ்ந்த ஏழை மக்கள் பன்முறை முறையிட்டனர். 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளில், அம்மலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இடிந்தவை மாளிகைகள் அல்ல.

வேறு வழியில் சென்றவர்களும் உளர். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 1940களில் புகைமூட்டம் கண்ணைக் கரித்தது. நகரம் தனித்து விதி செய்தால் ஆலை அடுத்த ஊர் எல்லைக்குள் நின்று புகைத்தது. ஆதலால் 1947 இல் அம்மாவட்டம் முழுவதற்கும் ஒரே காற்றுக் கட்டுப்பாட்டு அமைப்பை ஏற்படுத்தினர். அதுவும் போதாதெனக் கண்டு, 1977 இல் நான்கு மாவட்டங்கள் ஒன்றாயின. அவர்களுக்கிடையே பொறாமை இல்லாமலில்லை. புகை அதனிலும் பெரிதாயிருந்தது.

இனி வீட்டுக்கு வருகின்றேன். தொழிலை நாடி வந்தவர்கள் குடியிருக்கும் அறைகளை வழக்கு நிமித்தம் பார்த்திருக்கின்றேன். தகரக் கூரை, யன்னல் இல்லை, பல குடும்பங்களுக்கு ஒரு மலசலகூடம். அதே அறையின் மூலையில் விறகடுப்பு. வெளிப்புகையோடு உட்புகையும் சேர்கிறது; அதைச் சுவாசிப்பவர் பெண்களும் குழந்தைகளும். நுண்துகள் 24 மணித்தியாலத்தில் கனமீற்றருக்கு 50 மைக்கிரோகிராமைத் தாண்டலாகாது என்று 2008 இல் நம் வர்த்தமானி விதித்தது. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் அதை 15 எனச் சுருக்கியது. யன்னலற்ற அந்த அறையில் எவர் அளந்தார்?

சட்டம் இல்லை என்று சொல்லாதீர்கள். 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின்படி, மனிதர் வசிக்கத் தகாத வீட்டை மூடுமாறு நீதவானிடம் கட்டளை கேட்கலாம். ஆனால் மூடினால் தெருவுக்கு வருபவன் யார்? குடியிருப்பவன். ஆகவே அவன் வாய் திறவான். வீட்டுடைமையாளர் உடைமையை விரைந்து மீட்க 2023 இல் தனிச்சட்டமே செய்தார்கள். கூரையை விரைந்து திருத்துவிக்க அப்படியொரு வேகத்தை எவரும் காட்டவில்லை.

காற்றுக்கும் கருவி உண்டு. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், பெரிய ஆலைகளின் உரிமம் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் இருக்கின்றது. சிறு தொழில்களுக்கு உரிமம் வழங்குவதை உள்ளூராட்சி சபைகளிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். ஒரு சபை நிபந்தனை விதித்து, அயற்சபை கண்ணை மூடிக்கொண்டால், தொழில் எங்கே நகரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆதலின் நான் கேட்பது இது. சபைகள் அனைத்தும் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றட்டும்: உரிம நிபந்தனைகள் எங்கும் ஒன்றாக இருக்கும், எல்லையோரத் தொழிலுக்கு உரிமம் கொடுக்குமுன் அயற்சபையின் கருத்து பெறப்படும், வாடகை அறைகளுக்குப் பொதுப் பதிவேடு இருக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை எல்லாச் சபைகளுக்கும் செல்லும். மூடுவதற்கு முன் திருத்தத் தவணை கொடுக்கட்டும். திருத்தும் உடைமையாளருக்கும் நியாயம் செய்யவேண்டும். ஓர் அறையின் வாடகையில் பிழைக்கும் விதவைத் தாயையும் பெருமுதலாளியையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது.

தமிழர் சபையும் முஸ்லிம் சபையும் ஒன்றாய் அமருமா என்று கேலி செய்வோர் உளர். சிங்கள மக்களும் இதே தூசியைத்தான் விழுங்குகின்றனர். இப்பொருளில் கூடி அமர இயலாதவர்கள், நாளை பெரிய அதிகாரம் வந்தால் அதை எவ்வாறு பங்கிடுவர்?

தீர்மானத்தின் நகல் இம்மேசையில் இருக்கின்றது. அதை உங்கள் வட்டார உறுப்பினரிடம் கொண்டுசென்று, அடுத்த அமர்வின் நிகழ்ச்சிநிரலில் எண் பெற்றுத் திரும்புங்கள். வாடகைக்கு இருப்போர் அறையின் குறைகளை மட்டும் எழுதித் தந்தாற் போதும். பெயர் எழுத வேண்டாம்.