மாதொருபாகனும் மனையறமும்

திருச்சிற்றம்பலம்.

 

திருமுறை பேசும் மேடையில் நாவலுக்கு என்ன வேலை என்று சிலர் ஐயுறலாம். மனித உள்ளத்தின் துயரைக் காட்டும் நூல் எதுவாயினும் சைவன் அதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

ஞானசம்பந்தப் பெருமான் பாடியருளிய கொடிமாடச் செங்குன்றூர், இன்றைய திருச்செங்கோடு. அங்கே எம்பெருமான் பாதி ஆணும் பாதி பெண்ணுமாகி நின்றருள்கின்றான். அத்திருக்கோலத்தின் பெயரையே தலைப்பாகக் கொண்டு பெருமாள்முருகன் 2010ஆம் ஆண்டில் 'மாதொருபாகன்' என்னும் நாவலை வெளியிட்டார்.

காளி, பொன்னா இருவரும் மணமாகிப் பன்னிரண்டு ஆண்டாகியும் மகப்பேறு இல்லாதவர்கள். ஒருவர்மேல் ஒருவர் வைத்த அன்புக்கோ குறைவில்லை. வேண்டாத தெய்வமில்லை, செலுத்தாத நேர்த்திக்கடனில்லை. ஆயினும் ஊரார் நா சுட்டுக்கொண்டே இருக்கின்றது. தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில் அயலான் ஒருவனைக் கூடிப் பெறும் மகவு சாமி கொடுத்த பிள்ளை என்றொரு வழக்கம் கதையில் வருகின்றது. காளி அதற்கு இசையவில்லை. இசைந்துவிட்டான் என்று பொன்னாவின் உடன்பிறந்தானே அவளிடம் பொய்யுரைக்கின்றான். அதனை நம்பி அவள் செல்கின்றாள்.

இந்நாவலை எதிர்த்து 2014 இறுதியில் கிளர்ச்சி எழுந்தது. 2015 சனவரியில் ஆசிரியர் எழுதுவதையே விடுவதாக அறிவித்தார். 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் நூலுக்குத் தடை விதிக்க மறுத்தது. அவ்வழக்கம் இருந்ததா என்னும் வாதத்துள் நான் புகவில்லை. அவ்விருவரையும் பிரித்தது எது என்பதே என் வினா. மகவின்மையைப் பன்னிரண்டு ஆண்டு தாங்கினார்களே! தெய்வத்தின் பெயரால் நுழைந்த பொய்யன்றோ பிரித்தது?

தில்லைத் திருநீலகண்டக் குயவனாரை நினைந்து பாருங்கள். கணவர் பரத்தைபாற் சென்று பிழைத்தார். மனைவியார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாதென்றார். மூப்பெய்தும்வரை இருவரும் ஓரில்லில் இருந்தே அவ்வாணையைக் காத்தனர். சிவயோகியாராய் வந்த பெருமான் தாம் கொடுத்த ஓட்டைத் தாமே மறைத்து, மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்க என்று வழக்கிட்டார். அப்போது நாயனார் ஊரறியத் தம் பழைய பிழையை உரைத்தார். மூங்கில் தண்டின் இருமுனை பற்றி மூழ்கிய இருவரும் இளமையோடு எழுந்தனர்.

இறைவன் திருப்பெயர் அங்கே உண்மைக்குக் காவலாயிற்று. நாவலிலோ பொய்க்குப் போர்வையாயிற்று. ஒரு பாதி அறியாமல் மறுபாதிக்கு ஒரு செயல் மாதொருபாகன் மேனியில் உண்டோ?

ஆதலின் பெரியோர்களே, மகவில்லாத மருமகளை நோக்கி ஒரு சுடுசொல் எழுமாயின் நாவிலேயே அதனை அடக்குங்கள். கணவனும் மனைவியும் கலந்து முடிவு செய்ய வேண்டியதை அவர்களிடமே விடுங்கள். செங்குன்றூர்ப் பெருமானுக்கு அதுவும் ஒரு வழிபாடே.

திருச்சிற்றம்பலம்.