லேபல் இல்லாத போத்தலைத் தொட வேண்டாம்

(கிளிநொச்சி அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வயலில் அறக்கொட்டி விழுந்துவிட்டால் பாரதிபுரத்துக்கும் மலையாளபுரத்துக்கும் தருமபுரத்துக்கும் விடியமுன்னரே ஆள் தேடி மோட்டார் சைக்கிள் வருகிறது. 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களில், வயற்காணி இல்லாதவர்களின் பிள்ளைகள் இன்றும் கூலிக்கு மருந்தடிக்கிறார்கள். ஆகவே தோட்டத் தொழிற்சங்கத்துக்கு இங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

மருந்து என்கிறோம். அது நஞ்சு. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பீடைகொல்லிப் பதிவாளர் பதிவுசெய்யாத எதையும் நாட்டில் விற்க முடியாது. அந்தச் சட்டம் வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. 1984இல் பரத்தியன் போனது. 1995இல் மொனோகுரோட்டபொஸ், 1998இல் எண்டோசல்பான், 2008 தொடங்கிப் படிப்படியாகப் பரகுவாட். 1995க்குப் பின் பத்தே வருடத்தில் நாட்டின் தற்கொலை வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. எத்தனை வீடுகளில் ஆட்கள் மிஞ்சினார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் கிளைபோசேட்டின் கதை வேறு. சிறுநீரக நோயைக் காரணம் காட்டி 2015இல் தடை. வவுனியாவிலும் அந்த நோய் இருக்கிறது. காரணம் எது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தினார்கள். வயலில் ஆகாத நஞ்சு, மலையில் புல்லுக்கு அடிக்கிற எங்கள் உறவுகளுக்கு மட்டும் ஆகுமா? 2021இல் எல்லா விவசாய இரசாயனங்களின் இறக்குமதியையும் ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரிலேயே திரும்பவும் விட்டார்கள். 2022 ஓகஸ்டில் கிளைபோசேட் தடையும் நீங்கியது.

தடையும் தட்டுப்பாடும் இருந்த காலத்தில் கடல்வழியாகக் கள்ளப் போத்தல்கள் வந்தன. கடற்படை பிடித்தது செய்தியானது. பிடிபடாதது வயலுக்குப் போனது. லேபல் இல்லாத போத்தலும், சோடாப் போத்தலில் ஊற்றித் தருவதும் அப்போது பழகிய பழக்கம்.

மருந்தடித்தவர் வாந்தி எடுத்து, கண்மணி சுருங்கி, வாயில் நுரையோடு விழுந்தால், ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது, "என்ன மருந்து?" என்றுதான். ஓகனோபொஸ்பேட் என்றால் அத்ரோபின் ஏற்றுவார்கள். பரகுவாட்டுக்கு மாற்று மருந்தே கிடையாது. பெயர் தெரியாவிட்டால் வைத்தியர் அறிகுறியைப் பார்த்து ஊகிக்க வேண்டும். 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள், போத்தலையும் கூடவே கொண்டு போங்கள். கொண்டுபோக லேபலுள்ள போத்தல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் முதல் கோரிக்கை. தமிழில் எழுதிய லேபலை வயற்காரர் காட்டிய பிறகுதான் மெசினில் ஊற்றுவது.

கையுறை, முகமூடி பற்றிக் கையேடு எழுதியவர்கள் கிளிநொச்சி வெயிலில் அவற்றைப் போட்டு ஒரு மணித்தியாலம் வரம்பில் நடந்து பார்க்கட்டும். அதனால்தான் காலைவேளையில் மட்டும் அடிப்பது, ஒழுகாத மெசின், முழுக்கைச் சட்டை, கழுவச் சவர்க்காரமும் தண்ணீரும் என்று கேட்கிறோம். இவை வயற்காரரின் செலவு. சகோதரிகளே, அடித்துவிட்டு வந்த சட்டையைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்து ஊறவைக்க வேண்டாம்.

இப்படிக் கேட்டால் வேறு ஆளைக் கூப்பிடுவார்கள் என்று பின்வரிசையில் ஒரு தம்பி சொல்கிறார். உண்மைதான். அந்த வேறு ஆளும் பக்கத்துக் குடியேற்றத்து எங்கள் ஆள்தான். மூன்று குடியேற்றங்களும் ஒரே சொல்லில் நிற்க முடியுமா என்பதை இன்று இங்கேயே பேசி முடிவெடுப்போம்.