நெற்றிக்கு இடும் குங்குமமும் அதன் தூய்மையும்

(திருக்கோயில் மகளிர் பகுதியின் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



அம்பாள் சந்நிதியில் தீபாராதனை முடிந்ததும் குருக்கள் வழங்கும் குங்குமத்தை எவரும் ஐயுற்றுப் பார்ப்பதில்லை. பணிவோடு கைநீட்டிப் பெற்று நெற்றியில் இடுகின்றனர். இடுப்பிலிருக்கும் குழந்தைக்கும் சிறிது இடுகின்றனர். எஞ்சியதைத் தாளில் மடித்து இல்லத்துக்குக் கொண்டு செல்கின்றனர். இத்துணை நம்பிக்கையோடு பெறப்படும் பொருள் அந்நம்பிக்கைக்குத் தகுதியுடையதாக இருத்தல் வேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்தாகும்.

குங்குமம் என்னும் சொல் தொடக்கத்தில் குங்குமப்பூவைக் குறித்தது. பின்னர் மஞ்சளிலிருந்து செய்யப்படும் செந்நிறப் பொடிக்கும் அதுவே பெயராயிற்று. மஞ்சள் எவ்வாறு சிவப்பாகின்றது என்பதை ஆரத்தி எடுத்த தாய்மார் அனைவரும் அறிவர். மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்த அளவிலேயே நீர் சிவந்துவிடுகின்றது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தோடு சேருங்கால் சிவக்கும் இயல்புடையது. இதனை அறிந்தே முன்னோர் மஞ்சள் கிழங்கோடு வெங்காரம், படிகாரம், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைச் சேர்த்து, பல நாள் உலர்த்தி, இடித்துச் சலித்து, சிறிது நல்லெண்ணெயோ நெய்யோ கலந்து குங்குமம் செய்தனர். அவ்வாறு செய்த குங்குமம் கருஞ்சிவப்பாக இருக்கும்; கண்ணைப் பறிக்கும் ஒளி அதற்கு இராது; நாளடைவில் நிறமும் சற்று மங்கும்.

கேடு புகுந்த இடம் இதுவேயாகும். மங்காத நிறமும் மிக்க ஒளியும் குறைந்த விலையும் வேண்டும் என்ற நாட்டம் பெருகியபோது, மஞ்சளின் இடத்தைச் செயற்கைச் சாயம் பிடித்துக்கொண்டது. அதன் விளைவும் விரைவில் வெளிப்பட்டது. 1986 ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர்த் தோல் மருத்துவர் ஒருவரும் ஜப்பானிய மருத்துவர் ஒருவரும், குங்குமம் இட்ட இடத்தில் தோல் அழன்று கருமை படரும் நோயைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினர். ஒட்டுப்பொட்டும் இதற்கு விலக்கன்று. சிலவகைப் பசைகளில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்னும் வேதிப்பொருள், பொட்டு ஒட்டிய இடத்தை வெண்மையாக்கிவிடுவதுண்டு.

தோலில் தோன்றும் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கேடு ஈயமாகும். சிவப்பு ஈயம் மலிவான நிறப்பொருள், ஒளி மிக்கது. வட இந்திய மகளிர் வகிட்டில் இடும் சிந்தூரத்தை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2017 இல் வெளிவந்தது. நியூ ஜெர்சி மாநிலத்துக் கடைகளிலிருந்து 95 மாதிரிகளும் மும்பை, புது தில்லி நகரங்களிலிருந்து 23 மாதிரிகளும் சோதிக்கப்பட்டன. முன்னவற்றுள் 83 விழுக்காட்டிலும் பின்னவற்றுள் 78 விழுக்காட்டிலும் ஈயம் காணப்பட்டது. அமெரிக்க அரசு அழகுப்பொருள்களின் நிறமிகளுக்கு விதித்துள்ள உச்ச அளவு பத்து இலட்சத்தில் 20 பங்கு. ஆனால் மூன்று மாதிரிகளில் நூற்றில் ஒரு பங்குக்கும் மேலாகவே ஈயம் இருந்தது. சிந்தூரம் வேறு, குங்குமம் வேறு என்பது உண்மையே. ஆயினும் இரண்டும் ஒரே கடையில், ஒரே தட்டில், ஒரே நிறத்தில் விற்கப்படும்போது வேறுபாட்டை யார் அறிவார்?

ஈயத்தில் தீங்கற்ற அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வயிற்றுக்குள் செல்லும் ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு மிகுதியாகச் சிறு குழந்தைகளின் உடல் ஏற்கின்றது. அது வளரும் மூளையைத் தாக்கி, அறிவுத்திறனையும் கவனத்தையும் குறைக்கின்றது. கருவுற்ற தாயின் குருதியிலிருந்து கருவையும் சென்றடைகின்றது. நெற்றியிலுள்ள பொடியைக் குழந்தை கையால் தேய்ப்பதும், அக்கையை வாயில் வைப்பதும் நாள்தோறும் காணும் காட்சியே. தாய் அன்போடு இட்ட பொட்டு அவ்வழியாகக் குழந்தையின் உடலுக்குள் செல்கின்றது.

அங்ஙனமாயின் இயற்கைப் பொருள் என்று எழுதியிருப்பதை வாங்கினால் போதுமா? போதாது. ஈயமும் பாதரசமும் மண்ணில் இயற்கையாகக் கிடைப்பவையே. கண்ணுக்கு இடும் சுருமா பல இடங்களில் ஈயக் கல்லை அரைத்துச் செய்யப்படுகின்றது. மருதாணி இயற்கையானது, ஆனால் விரைவில் கருமை ஏறுவதற்காக அதில் சேர்க்கப்படும் தலைமயிர்ச் சாயம் தோலைப் புண்ணாக்கும். மஞ்சளுக்கும் இக்கேடு நேர்ந்ததுண்டு. வங்காளதேசத்தில் கிழங்கை மெருகூட்ட ஈயக் குரோமேட் என்னும் மஞ்சள் சாயம் பூசப்பட்டது. 2019 இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் அந்நஞ்சு காணப்பட்டது. அரசு தண்டனை விதித்து, வணிகர்க்கும் மக்களுக்கும் உண்மையை எடுத்துரைத்த பின்னர், 2021 இல் எம்மாதிரியிலும் அது காணப்படவில்லை. அறிந்து கேட்கும் மக்கள் இருந்தால் சந்தை திருந்தும் என்பதற்கு இது நற்சான்றாகும்.

முகத்தை வெளுப்பாக்கும் களிம்புகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். பாதரசம் கலந்த களிம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவரின் துண்டு, தலையணை வழியாக வீட்டிலுள்ள குழந்தையையும் அடையும். மலேசியாவில் விற்கப்படும் அழகுப்பொருள் ஒவ்வொன்றுக்கும், என், ஓ, டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண் இருத்தல் வேண்டும். அவ்வெண் இல்லாத டப்பாவை, எவர் பரிந்துரைத்தாலும் வாங்கலாகாது. எண் இருந்தும் பின்னர் நஞ்சு கண்டறியப்பட்டு நீக்கப்பட்டவையும் உள. ஆதலின் மலேசியாவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமும் வெளியிடும் எச்சரிக்கைகளைக் கவனித்தல் நலம்.

இனி, இல்லத்தில் செய்யத்தக்கவை சில. குளியலுக்குப் பச்சைப்பயற்று மாவும், தலைக்குச் சீயக்காயும், எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெயும் இன்றும் கடைகளில் எளிதாகக் கிடைப்பவையே. மலேசியாவின் தேசிய மலரான செம்பருத்தி வேலியோரத்திலேயே வளர்கின்றது. அதன் இலையை அரைத்த குழம்பு தலைமுடியை அலசப் பயன்படும். எதனையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும். கைக்குழந்தையின் நெற்றிக்கு எந்த நிறப்பொடியும் வேண்டா. திருநீறும்கூட மூக்கருகில் பறக்காதவாறு மெல்லிய கீற்றாக இட்டால் போதும். வீட்டில் செய்த குங்குமமாயினும் அதிலுள்ள வெங்காரம் உண்ணத்தக்கதன்று. ஆகவே குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தல் கடன்.

திருக்கோயில்கள் செய்யத்தக்கவையும் உள. குங்குமத்தை மொத்தமாக வாங்கும் நிர்வாகத்தினர், விலையைக் கேட்பதற்கு முன்னர் அது எதனால் செய்யப்பட்டது என்று கேட்டல் வேண்டும். ஈயம் இல்லை என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் கேட்டல் வேண்டும். கண்ணால் பார்த்தோ நீரில் கரைத்தோ ஈயத்தைக் கண்டுகொள்ள இயலாது. ஒரு வீட்டார் கேட்டால் வணிகர் பொருட்படுத்தாமல் போகலாம். ஆண்டு முழுவதும் வாங்கும் ஆலயம் கேட்டால் மறுக்க மாட்டார். திருவிழாவுக்கு முன் மகளிர் பகுதியினர் ஒன்றுகூடி, நம்பகமான இடத்தில் வாங்கிய, மெருகு ஏற்றாத மஞ்சளைக் கொண்டு குங்குமம் இடிப்பது மற்றொரு வழியாகும். உரலைச் சுற்றி மூத்தோர் அமர்ந்து சொல்ல, இளையோர் கற்றுக்கொள்வர்.

அவ்வாறு செய்த குங்குமத்தைப் பெறும் அன்பர் சிலர், நிறம் போதவில்லையே என்று குறைகூறக்கூடும். அவர்களுக்குச் சொல்லத்தக்க விடை எளியது. அம்பாளின் பிரசாதத்துக்கு ஒளி தருவது சாயமன்று. பளபளப்புக் குறைந்த அந்தக் கருஞ்சிவப்பு, குழந்தையின் நெற்றியில் அச்சமின்றி இடத்தக்க நிறமாகும்.

தூய பொருளைத் தூய உள்ளத்தோடு வழங்குவதும் பெறுவதும் வழிபாட்டின் பகுதியே. அம்பாளின் திருவருள் அனைவர்க்கும் உரித்தாகுக.