வாக்கு என்றால் சொல்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



கதிரவெளியில் இன்று கூடியிருக்கும் நாம், நூறு வருடங்களுக்கு முந்திய நிலையைச் சற்று நினைப்போம். அன்றைய விதிகளின்படி எழுத்தறிவும், சொத்தோ வருமானமோ உள்ள ஆண்களுக்கே வாக்கு. நாட்டு மக்களில் நூற்றுக்கு 4 பேரளவிலேயே வாக்காளர். நம் மட்டக்களப்பில் குடி தாய்வழி வருவது. வீடும் வளவும் மகளுக்குப் போவது. ஆனாலும் வீட்டுக்காரிக்கு வாக்கில்லை. கோயிலில் குடிக்காகப் பேசிய வண்ணக்கரும் ஆண்தான். சொத்து இருந்தால் சுதந்திரம் தானாக வரும் என்ற தாராளவாதக் கணக்கு நம் ஊரிலேயே பிழைத்துவிட்டது.

இங்கிலாந்தின் ஜோன் ஸ்டுவர்ட் மில், 1867இல் பாராளுமன்றத்தில் பெண்களுக்கு வாக்குக் கேட்டவர். அவரே, எழுத வாசிக்கத் தெரியாதவருக்கு வாக்கு வேண்டாம், படித்தவருக்குக் கூடுதல் வாக்குக் கொடுக்கலாம் என்றும் எழுதினார். இங்கும், 1913இல் பெண்களுக்குக் கல்லூரி அமைத்த சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தார். படித்த பிறகுதான் உரிமையா, உரிமை வந்தால்தான் படிப்பும் வருமா என்பதே அன்றைய வழக்கு.

டொனமூர் ஆணைக்குழு, பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் அக்னஸ் டி சில்வாவிடம், தோட்டத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்டது. நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்றார் அவர். 1931இல் 21 வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு வந்தது. ஆனால் 1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த வருடத் தேர்தல் திருத்தமும் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. சிறுபான்மையினருக்குக் காப்பாக சோல்பரி யாப்பில் 29ஆம் பிரிவு இருந்தும், 1953இல் பிரித்தானியக் கோமறைக் கழகம் அவற்றைச் செல்லுபடியாக்கியது. பெரும்பான்மை எண்ணிக்கை மட்டும் நீதியாகாது என்பதற்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

வைத்தியர்களாகிய நாங்கள் இதை வேறொரு வடிவில் காண்கிறோம். சத்திரசிகிச்சைக்கு வளர்ந்த பெண்ணின் சம்மதத்தை அவளிடமே கேட்கிறோம். "அவரைக் கேளுங்கோ, டொக்டர்" என்கிறாள். குடும்பத்தைக் கலந்து முடிவெடுப்பது பிழையில்லை. தனிமனிதரை மட்டும் பார்க்கும் தாராளவாதம் இதைக் காணத் தவறுகிறது என்போர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் கலந்து பேசி அவள் சொல்வது வேறு. அவளுக்காக இன்னொருவர் சொல்வது வேறு.

2018 முதல் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு நூற்றுக்கு 25 இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே அமரும் நம் பெண்ணின் வாயில் அவளது சொல்லே இருக்க வேண்டும். அதற்குப் பழக்கம் வகுப்பறையில்தான் தொடங்குகிறது. சகோதரிகளே, நாம் கட்டடத்துக்குக் கொடுப்பதோடு, இங்கே ஒரு விவாத மன்றத்தையும் எழுப்பிக் கொடுப்போம். கேள்வி கேட்கும் பிள்ளையை "வாயாடி" என்னாதிருப்போம்.