முதல் பணிக்குத் திரும்புவோம்
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மகிழ்ச்சிக்குரிய நாள்; கணக்குப் பார்க்க வேண்டிய நாளும் அதுவே. இருபத்தைந்து ஆண்டுகளில் எவ்வளவு நிதி சேர்த்தோம், எத்தனை அறைகள் கட்டினோம் என்பது ஒரு கணக்கு. எதற்காகத் தொடங்கினோமோ அதனை இன்றும் செய்கின்றோமா என்பது மற்றொரு கணக்கு. முன்னதை ஆண்டறிக்கை சொல்லிவிடும். பின்னதை நாம்தாம் நெஞ்சறியச் சொல்ல வேண்டும். அதற்குத் துணையாக, கொல்லிமலை வாழவந்தி நாட்டில் வேரூன்றிய ஒரு கிறித்தவ ஊழியத்தின் வரலாற்றை உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன். அம்மலைவாழ் மக்கள் பழங்குடியினர். நாமோ சேரிகளிலிருந்து எழுந்து வந்தவர்கள். ஆயினும் அவ்வரலாறு நமக்கும் பாடமாகும்.

வாழவந்தியில் ஒரு தொடக்கம்

1913-ஆம் ஆண்டில் ஜெசி பிராண்ட் என்னும் ஆங்கிலேயரும் அவர்தம் துணைவியார் எவலின் அம்மையாரும் வாழவந்தியில் குடியேறினர். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்னும் சங்கம் அவர்களை அனுப்பியிருந்தது. இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து ஏறும் அம்மலைக்கு அன்று சாலை கிடையாது. நடந்தோ டோலியில் அமர்ந்தோதான் ஏற வேண்டும். மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்குத் தங்கத் தயங்கிய காலம் அது.

ஜெசி கட்டடத் தொழில் அறிந்தவர். வெப்பநாட்டு நோய்களைப் பற்றி ஓராண்டு பயின்றவர். வேதத்தைப் போதிக்க வந்த அவர், மருந்துப் பெட்டியைச் சுமந்து ஊர் ஊராக நடந்தார். பள்ளி அமைத்தனர், கைத்தொழில் கற்பித்தனர், பழமரம் வளர்க்கவும் பழக்கினர். இத்தனை செய்தும் பல ஆண்டுகள்வரை ஒருவரும் ஞானஸ்நானம் பெற முன்வரவில்லை. உள்ளூர்ப் பூசாரியின் எதிர்ப்பும் பலமாக இருந்தது.

1918, 1919-ஆம் ஆண்டுகளில் உலகையே உலுக்கிய இன்புளுயன்சாக் காய்ச்சல் மலையையும் தாக்கியது. உற்றாரும் அஞ்சி விலகிய வீடுகளுக்குள் இவ்விருவரும் கஞ்சியோடு நுழைந்தனர். எதிர்த்து நின்ற அப்பூசாரியும் நோயில் வீழ்ந்தபோது அவரைப் பேணினர். சாகும் தறுவாயில் அவர் தம் பச்சிளங் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். அதன்பிறகே அங்கு ஒரு சபை உருவாயிற்று. அந்தச் சபைக்கு அடிக்கல், நோயாளியின் வாசலுக்கு ஏந்திச் சென்ற கஞ்சிக் கலயமே எனலாம்.

புழுவும் கிணறும்

அந்நாளில் மலைமக்களை வாட்டிய நோய்களுள் ஒன்று நரம்புச் சிலந்தி. நுண்ணிய நீர்ப்பூச்சிகள் கலந்த தண்ணீரைக் குடித்தால், ஏறத்தாழ ஓராண்டு கழித்து முழ நீளத்திற்கும் மேற்பட்ட புழு காலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். இழுத்தால் அறுந்து உள்ளே சீழ் பிடிக்கும். ஆதலின் சிறு குச்சியில் சுற்றி, நாள்தோறும் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். ஜெசி பொறுமையோடு அதனைச் செய்தார்.

ஒரு புழுவை எடுத்தால் மறு ஆண்டு வேறொருவர் காலில் புழு! காரணம் என்ன? புண்பட்ட காலோடு மக்கள் படிக்கிணற்றில் இறங்கினர். புழு தன் குஞ்சுகளை நீரில் விட்டது. அந்நீரையே ஊர் குடித்தது. எனவே கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்ப வேண்டும், தண்ணீரைத் துணியில் வடிகட்ட வேண்டும் என்று அவர்கள் ஊர்தோறும் வற்புறுத்தினர். இதே வழிமுறைகளால்தான் இந்திய நாடு இந்நோயை வென்றது. 2000-ஆம் ஆண்டில் நரம்புச் சிலந்தி நீங்கிய நாடென உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இளைஞர்களே! ஒரு மாணவனுக்குக் கட்டணம் கட்டுவது புழுவை எடுப்பது போன்றது, அதனை விடக்கூடாது. ஆனால் ஆண்டுதோறும் ஏன் நம் பிள்ளைகள் படிப்பை இடையில் நிறுத்துகின்றனர் என்று ஆராய்ந்து, அக்காரணத்தை அடைப்பதே கிணற்றுக்குச் சுவர் எழுப்புவது.

விதியும் நோக்கமும்

1929-இல் ஜெசி கொடிய காய்ச்சலால் வாழவந்தியிலேயே உயிர்நீத்தார். மனைவியாருக்குப் பின்னர்ச் சமவெளிப் பணிகளே வாய்த்தன. மலைக்குத் திரும்பவேண்டும் என்று அவர் கேட்டபோதெல்லாம், வயதாகிவிட்டது என்னும் விடையே கிட்டியது. 1947-இல், 68-ஆம் வயதில், அவருக்கு ஓய்வு அளிக்கப்பட்டது. அம்மையார் அந்த ஓய்வை ஏற்றுக்கொண்டு, தாயகம் செல்லாமல் மலைக்கே திரும்பினார்! சங்கத்தின் ஊழியராக இல்லாமலே, அச்சங்கம் எதற்காகத் தோன்றியதோ அப்பணியைத் தொடர்ந்தார். மட்டக்குதிரையில் ஏறியும், மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தும், கல்வராயன், பச்சைமலை முதலிய மலைகளுக்கும் சென்றார். 1974-இல் 95-ஆம் வயதில் மறைந்து, வாழவந்தியில் கணவரின் அருகே அடக்கமானார்.

வயது முதிர்ந்தவர்களுக்கு ஓய்வளித்த சங்கத்தை நான் குறை கூறவில்லை. விதி இன்றி எந்த அமைப்பும் நடவாது. எனினும் விதியும் நோக்கமும் மோதும்போது, நோக்கத்தின் பக்கம் நிற்பவர் ஒருவரேனும் அமைப்பில் இருத்தல் வேண்டும்.

நம் சபைகளின் நிலை

தமிழகத் திருச்சபை தன் நோக்கத்தை மறந்த வேளைகளும் உண்டு. தஞ்சையிலும் வேப்பேரியிலும் ஆலயத்தில் தனியிருக்கை, இராப்போசனத்தில் தனிவரிசை என்று சாதி உள்ளே அமர்ந்திருந்தது. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டை உடனடியாக, முற்றாக விட்டொழிக்க வேண்டுமென ஆணையிட்டார். சபையினர் பலர் வெளியேறினர். எண்ணிக்கை குறைந்தாலும் கொள்கை நிற்க வேண்டும் என்பது அன்று எடுத்த முடிவு. ஆயினும் நோய் தீர்ந்ததா? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் மாண்டவர்களையும் சாதியால் பிரித்து நின்ற சுவரை நாடறியும்.

வெளியிலும் நீதி முழுமையாக இல்லை. பழங்குடியினர் எம்மதத்தில் சேர்ந்தாலும் அட்டவணையில் நீடிப்பர். தாழ்த்தப்பட்டோர் பற்றிய 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையோ, 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டு, கிறித்தவரான தலித்துகளை வெளியே நிறுத்தியுள்ளது. அரசும் கைவிட்டு, சபையும் ஒதுக்கினால், அம்மக்கள் எங்குச் செல்வர்?

செய்யத் தக்கவை

சபைக்கும் நம் கழகத்திற்கும் நான்கு வேண்டுகோள்களைச் சமர்ப்பிக்கின்றேன்.

ஒன்று: ஆண்டுக்கொரு முறை, தொடக்க நோக்கத்தைப் பொதுக்குழுவில் உரக்கப் படியுங்கள், அதனருகில் செலவுக் கணக்கையும் படியுங்கள். இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவர் கேட்கட்டும்.

இரண்டு: உதவித்தொகையில் முதலுரிமை, குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்கும் பிள்ளைக்கே உரியது, நிர்வாகிகளின் உறவினருக்கு அன்று.

மூன்று: பந்தியிலும் கல்லறையிலும் பிரிவு இருக்குமாயின், வேறெந்தக் கட்டடப் பணிக்கும் முன்னர் அதனை நீக்குங்கள்.

நான்கு: பொறுப்புக்கு வருவோர், மாதம் ஒருமுறையேனும் நம் மக்களின் குடியிருப்புகளில் வீடு வீடாகச் சென்று வரட்டும்.

பெரியோர்களே! ஓர் அமைப்பு உயிரோடிருக்கிறதா என அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நாளை இதன் கதவு மூடப்பட்டால் எந்த ஏழையின் வீட்டில் விளக்கு அணையும் என்று கேட்டுப் பாருங்கள். பெயர் சொல்லி விடை கூற இயன்றால் இக்கழகம் பொன் விழாவும் காணும். இயலாவிடில், இன்றே முதல் பணிக்குத் திரும்புவோம்.