பத்தாண்டு உத்தரவாதம்



பால்மரம் சீவியவர்களுக்கு ஒன்று தெரியும். உளி சற்று ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டுவிட்டால், அன்றைய வாளியில் குறை ஒன்றும் தெரியாது. காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்தை மறுபடியும் சீவ வரும்போதுதான் கேடு புலப்படும். அப்போது அந்த நிரையில் நிற்பவர் வேறொருவராக இருப்பார்!

தொழிற்சாலையிலும் இதே கதைதான். ஒரு சலவை இயந்திரத்துக்கு ஓராண்டு உத்தரவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டில் அதன் பேரிங் தேய்ந்துபோனால் செலவு நம்முடையது. தேய்ந்த பேரிங் பட்டறையின் குப்பைக்குப் போகிறது. செய்தவனுக்குச் செய்தியே எட்டுவதில்லை. எட்டாதபோது எதைத் திருத்துவான்?

உத்தரவாதம் நீண்டால் அந்தச் செலவுச் சீட்டு தொழிற்சாலையைத் தேடிப் போகிறது. பொருளை விற்கும்போதே, பின்னால் வரும் பழுதுக்கென்று கணக்கில் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். உடைந்த உறுப்பை வரவழைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரும்பு மட்டமா, திருகு தளர்வா, உறுப்பு செய்து கொடுத்த கம்பெனியின் பிழையா என்று ஆராயாமல் தீராது.

கொரியாவின் ஹுண்டாய் கம்பெனி 1986-இல் அமெரிக்காவில் மலிவு விலைக் கார் விற்கத் தொடங்கியது. விற்பனை பெருகியது, பழுதும் பெருகிப் பெயர் கெட்டது. 1998-இல் இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் 10 ஆண்டு அல்லது 100,000 மைல் உத்தரவாதம் என்று அறிவித்தது. முதல் உரிமையாளருக்கு மட்டுந்தான். பழைய தரத்திலேயே கார் செய்துகொண்டு இப்படி வாக்குக் கொடுத்தால் கம்பெனி தாங்குமா? தரத்தைக் கவனித்தே ஆகவேண்டியதாயிற்று. 2003-இல் நூறு புதிய கார்களில் 143 குறைகள் என்று கணக்கிட்ட ஜே.டி. பவர் ஆய்வு, 2004-இல் 102 என்றது.

ஆனால் அந்த ஆய்வு, கார் வாங்கிய முதல் மூன்று மாதத்தை மட்டுமே பார்ப்பது. 2015-இல் அதே கம்பெனி, 2011, 2012 மாதிரி சொனாட்டா கார்களில் ஏறத்தாழ 470,000-ஐ அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. இன்ஜின் உறுப்பைக் கடையும்போது நின்றுபோன உலோகத் துகள்களே காரணம். உளிக் காயம் போலத்தான். உத்தரவாதம் பிழையே நேராமல் தடுக்கும் மந்திரமல்ல. பிழையின் செலவை உரியவனிடம் சேர்க்கும் வழி.

கடையில் ‘மோட்டாருக்கு 10 ஆண்டு’ என்று பெரிதாக ஒட்டியிருந்தால், மற்ற உறுப்புகளுக்கும் கூலிக்கும் எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். தயாரிப்பாளர் எதற்குத் துணிந்து பொறுப்பேற்கிறார், எதற்குத் தயங்குகிறார் என்பது அந்தச் சிறிய எழுத்தில் இருக்கிறது.

நம்மிடமும் ஒரு குறை உண்டு. உத்தரவாதம் முடியுமுன்பே, அலைச்சலுக்கு அஞ்சிப் பக்கத்துப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறோம். ரசீதும் அட்டையும் எங்கோ கிடக்கின்றன. பணம் போவது ஒருபுறம். அந்தப் பழுது தொழிற்சாலையின் கணக்கில் ஏறாமலே போய்விடுகிறது.